ஐந்தரை அடிக் கண்ணாடி

கஜபதிக்கு இரண்டு மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. வீடு கட்டி முடித்தாயிற்று, பால் காய்ச்சிக் குடியேறியாயிற்று, போர் மோட்டார்கூடச் சொன்ன பேச்சைக் கேட்டது. மாடியில் முன்பக்கம், போர்டிகோவுக்கு மேலே, எட்டடி அகலத்துக்கு ஒரு தளம் விட்டிருந்தார். அதற்கு என்ன தடுப்பு போடுவது என்றுதான் மனிதரால் முடிவெடுக்க முடியவில்லை. இரண்டு சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேலே ஏறி நின்று யோசிப்பார். யோசித்து இறங்கி வருவார். வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். மறுபடி ஏறுவார்.

இத்தனைக்கும் அவர் ஒன்றும் தடுமாறுகிற ஆள் இல்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அவர் பார்த்து ஒரு டிக் போடாமல் ஒரு போல்ட் வெளியே போகாது. சரி என்றால் சரி, கழிவு என்றால் கழிவு, பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் பேச்சு மாறாது. அப்பேர்ப்பட்டவரை ஒரு பால்கனிக் கம்பி ஆட்டி வைத்தது என்றால் யாராவது நம்புவார்களா? அவர் மனைவி வனஜாவே நம்பவில்லை.

"எல்லாரும் மாதிரி இரும்புக் கிரில் போட்டுத் தொலைங்களேன். கீழேர்ந்து மேல வரைக்கும் போட்டுட்டா காக்கா குருவிகூட வராது" என்றாள் வனஜா.

"மனுஷனும் போக முடியாது" என்றாள் தாட்சாயிணி, கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே.

கஜபதியின் தடுமாற்றத்துக்கெல்லாம் காரணம் இந்த தாட்சாயிணிதான். ஒரே பெண். பி.எஸ்ஸி கணக்கு. ராணிப்பேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். நாலு வருஷம் அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தால் அடி. ஒரு நாள் காலையில் ஒரு சூட்கேஸோடு ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். "இனிமே அங்க போகமாட்டேன்" என்று ஒரே வார்த்தை. கஜபதி அவளை ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அதுவரைக்கும் நல்ல அப்பாதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பொண்ணு வந்திருக்கு?" என்று கேட்டபோது, "லீவுக்கு வந்திருக்கா" என்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான். அந்த லீவு ஒன்றரை வருஷம் ஓடியது.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். ஒரே பஸ், ஒரே கேன்டீன், ஒரே கோயில். "லீவு இன்னும் முடியலையா சார்?" என்று ஒருத்தர் சாதாரணமாகத்தான் கேட்பார். கஜபதிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தும் அடித்துப் பிடித்துக் காட்டுப்பாக்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தது அதனால்தான். இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. அவருக்கு ஒரு பெண் இருப்பதும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தார்.

குடி வந்த அன்றைக்கே தாட்சாயிணி அவரிடம் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"அப்பா, வர ஜூனுக்குள்ள நான் ஒரு வேலைக்குப் போயிடணும். நாலு பேரோட பேசணும். இங்கயும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கணும்னா, நான் ராணிப்பேட்டைக்கே போயிடறேன். அங்க அடி, இங்க இது. என்னால ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல."

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள். வாயால் ஒன்று சொன்னால் செய்துவிடுவாள், அந்த விஷயத்தில் அப்பனைக் கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே சமயம் அவள் தெருவைப் பார்த்து நின்றால் தெரு அவளைப் பார்க்கும், பார்த்தால் கேட்கும், கேட்டால் என்ன சொல்வது என்பதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார்.

மாடித் தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவள் தெளிவாகவே சொல்லியிருந்தாள். "இடுப்பு உயரத்துக்குப் போதும்ப்பா. மேல அலுமினியக் கட்டை, கையை ஊன்றிக்கிட்டு நிக்கிற மாதிரி. கீழ சாதாக் கண்ணாடி. தெரு தெரியட்டும், வெளிச்சம் வரட்டும்." முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூவுக்குப் போனபோது அங்கே ஒரு புது வீட்டில் பார்த்தாளாம். அந்த இன்டர்வியூ நன்றாகப் போகவில்லை. வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர, குரல் வரவில்லை. வீட்டுக்கு வந்து, "தொண்டையைக் கைய வச்சு அமுக்கின மாதிரி இருந்திச்சு" என்றாள். இன்னொரு தரம் முயற்சி செய்கிறாயா என்று அந்த ஹெட்மிஸ்டிரஸ் நல்ல மனசோடு ஒரு மாசம் தவணை கொடுத்திருந்தார்.

இடுப்பு உயரம் என்று கேட்ட பெண்ணிடம் "ஆகட்டும்மா" என்று சொல்லிவிட்டு, கஜபதி பஸ் ஏறி நசரத்பேட்டை போனார். அங்கே பெங்களூர் ரோட்டோரம் உலகநாதன் என்பவர் தகரக் கொட்டகை போட்டு அலுமினிய வேலை செய்துகொண்டிருந்தார். கடைக் கதவு, ஷோகேஸ், ஜன்னல் எல்லாம் செய்வார். அவர் வாய்க்குப் பூட்டு மட்டும் யாரும் செய்து கொடுக்கவில்லை.

அளவுச் சீட்டைப் பார்த்ததும் உலகநாதன் பென்சிலைக் காதில் செருகினார். "இன்னா சார், அஞ்சரை அடின்னு போட்டுகீது? தப்பா எய்திட்டியா?"

"தப்பில்ல. அஞ்சரைதான்."

"தடுப்புன்னா மூணடி, மூணரை அடி. அதுக்கு மேல போனா அது செவுரு. செவுரு வோணும்னா கொத்தனாரைப் போய்ப் பாரு, என்னாண்ட இன்னாத்துக்கு வந்துகீறே?"

கஜபதிக்குக் கோபம் வந்தது. ஆனால் விஷயம் நடக்க வேண்டுமே. குரலைத் தணித்துக்கொண்டு, "உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய தெரியணும். வெளிய இருக்கறவங்களுக்கு உள்ள தெரியக் கூடாது. எங்க டாங்கியில அப்படித்தான்" என்றார்.

"டாங்கி மேல குண்டு போடுவாங்க சார். உன் ஊட்டு மேல எவன் போடப் போறான்?" உலகநாதன் சிரித்துவிட்டு, கஜபதியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "சரி, கோச்சுக்காதே. சினிமாக்காரங்க கார்ல ஒட்டிகினு போறாங்களே பிலிமு, கண்ணாடி மாதிரி மின்னுமே, அத்த ஒட்டித் தரேன். வெளியேர்ந்து பாத்தா அவன் மூஞ்சிதான் அவனுக்குத் தெரியும்."

கஜபதிக்கு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. ஆனால் சொன்னதை நம்பி வாங்குகிறவரா அவர்? பிலிம் ஒட்டிய கண்ணாடி ஒன்றைக் கொட்டகை வாசலில் நிறுத்தச் சொன்னார். உச்சி வெயிலில் ரோட்டில் போய் நின்று பார்த்தார். வியர்த்து வழிகிற அவர் முகம்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து உலகநாதன், "எத்தினி விரலு காட்டறேன் சொல்லு" என்று கத்தினார். ஒரு விரலும் தெரியவில்லை. பிறகு உள்ளே போய் நின்று பார்த்தார். ரோடு, லாரி, எதிர் டீக்கடை போர்டில் எழுத்துக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, கண்ணாடியின் கீழ் மூலையில், பிலிமின் மேல் பழக்கதோஷத்தில் ஒரு டிக் போட்டார்.

"சார், ஒரு விசயம் கேட்டுக்கோ" என்று உலகநாதன் ஆரம்பித்தார். "சாயங்காலம் ஆச்சுன்னு வையி..."

"டெஸ்ட் பண்ணியாச்சுப்பா. நான் பாஸ் பண்ணா பண்ணதுதான். புதன்கிழமை வந்து மாட்டிடு" என்று கஜபதி பேச்சை வெட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவசரம் அவருக்கு.

புதன்கிழமை, அவர் டிக் போட்ட கண்ணாடியையே கொண்டு வந்து மாட்டினார்கள். தெருவிலிருந்து பார்க்க அந்தத் தடுப்பு பளபளவென்று இருந்தது. வானமும் பக்கத்து மனைத் தென்னையும் அதில் தெரிந்தன. ஒரு காக்கா வந்து தன்னையே பார்த்துச் சண்டை போட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. மேலே கான்கிரீட் தளம் நீட்டியிருந்ததால் உள்பக்கம் நல்ல நிழல். பெண் அங்கே நின்றால் கடவுளுக்கே தெரியாது என்று கஜபதி திருப்திப்பட்டார்.

தாட்சாயிணி மேலே வந்தாள். அலுமினியக் கட்டை அவள் தலைக்கு மேலே இருந்தது. கையைத் தூக்கி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல கையை ஊன்றிக்கிட்டு நிக்கணும்னா முக்காலி போட்டுக்கணும்ப்பா" என்றாள்.

"காத்து பலமா அடிக்குதில்ல, அதான் கொஞ்சம் உயரமா..." என்று கஜபதி சப்பைக்கட்டு கட்டினார். "ஆனா பாரு, நீ எல்லாத்தையும் பாக்கலாம். உன்னை ஒருத்தரும் பாக்க முடியாது. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் வாங்கினேன்."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து தடவிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் பாக்க முடியாது. நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு "சரி" கஜபதியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மறுநாள் அவள் பின்சுவரில் நாலடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்ததைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. பரணிலிருந்து அவளுடைய சூட்கேஸும் கீழே இறங்கியிருந்தது. அதைப் பற்றியும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து பதினோரு நாள் அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். வீடு வந்து சேரும்போது எல்லாரும் படுத்திருப்பார்கள். பகலில் பெண் பேச்சுக் கொடுப்பதில்லை. வனஜாவைக் கேட்டால், "சாயங்காலம் ஆனா மேல போய் லைட்டைப் போட்டுக்கிட்டு ஏதோ பேசிக்கிட்டிருக்கா. நான் போனா நிறுத்திடறா. எனக்கென்ன தெரியும், நான் பின்னாடி அடுப்படியில கிடக்கறேன்" என்றாள். தனியாகப் பேசுகிறாளா? கஜபதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலையில் ஒரு நல்ல போல்ட்டைக் கழித்துவிட்டு, கழிக்க வேண்டிய ஒன்றுக்கு டிக் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

பன்னிரண்டாம் நாள் ஷிஃப்ட் மாறியது. பூந்தமல்லியில் பஸ் மாறி காட்டுப்பாக்கத்தில் இறங்கும்போது ஏழு மணி. தெரு முனை திரும்பினால், அவர் வீட்டுக்கு எதிரே ஒரே கூட்டம். அங்கே புதிதாக வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலின் மேலும் செங்கல் அடுக்கின் மேலும் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முகமும் அவர் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கஜபதியும் பார்த்தார்.

ஐந்தரை அடிக் கண்ணாடி முழுவதும் வெளிச்சம். டியூப்லைட்டின் கீழே தாட்சாயிணி, கூத்து மேடையில் நிற்கிற மாதிரி, தலை முதல் கால் வரை தெரிந்தாள். பின்னால் கறுப்புச் சுவரில் பெரிய பெரிய எழுத்தில் பின்னக் கணக்கு. கண்ணாடிக்கு மிக அருகே வந்து நின்று, யாரையோ பார்த்துக் கையை நீட்டி விளக்கினாள். தலையசைத்தாள். திரும்பிப் போய் எழுதினாள். எதிரே ஒருத்தருமில்லை. கண்ணாடிக்கும் மேல்தளத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக அவள் குரல்கூட லேசாகக் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உச்சி வெயிலில் மட்டும் பார்த்துப் பாஸ் பண்ணியிருக்கிறார், மடையன். வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டும் இருக்கும்வரைதான் அந்தப் பிலிமின் வித்தை. வெளியே இருட்டி உள்ளே விளக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ். தெருவுக்கு அவள் தெரிகிறாள். அவளுக்குத் தெருவே தெரியாது, தன் முகம் மட்டும்தான் தெரியும். வரப்போகிற இன்டர்வியூவுக்கு அந்த முகத்தை மாணவியாக வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று அப்பன் சொன்ன வார்த்தையை நம்பி, அவள் குரலைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். பதினோரு நாளாக ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது. உலகநாதன் சொல்ல வந்தது இதைத்தான்.

'பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஐயோ, என் பெண்ணைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.' எல்லாரையும் விரட்டிவிட வேண்டும் என்று ஜல்லிக் குவியலை நோக்கிப் பாய்ந்தார். வாயில் வசவு தயாராக இருந்தது. கிட்டே போனபோதுதான் அவர்கள் மடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. வசவு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

செங்கல் அடுக்கிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் கன்னியம்மா. முன்னே நாற்று நட்டவள், இப்போது போரூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் துணி மடிக்கிறாள். கஜபதி இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார், இது உங்க ஊடுதானே? நாங்கோ ஒரு வாரமா கேக்கணும்னுகீறோம், நீங்கதான் கண்ணுலயே பட மாட்டேங்கறீங்க" என்றாள். "மேல கீதே டீச்சரு, அது உங்களுக்கு இன்னா வோணும்?"

"என்... என் பொண்ணு."

"அப்டியா! அயகா சொல்லுது சார். எங்க ஊட்டுப் பொண்ணு கணக்குன்னாலே ஓடும், இப்ப எனக்கு முன்னாடி வந்து குந்திக்குது." கன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள். "லீவுக்கு வந்துகீதா சார்? எத்தினி நாளு இருக்கும்? போறதுக்குள்ள எங்க புள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுக்குமா?"

லீவு. அந்தப் பாழாய்ப்போன வார்த்தை காட்டுப்பாக்கத்துக்கும் வந்துவிட்டது, அதுவும் தானாகவே. "ஆமாம்" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். இந்தத் தெருவும் இன்னொரு ஒன்றரை வருஷத்துக்கு அடங்கிவிடும். கஜபதி மேலே பார்த்தார். அவள் ஒரு கணக்கை முடித்துவிட்டு, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். புரிந்தது அவருக்கு. தான் அவளை ஒளித்து வைத்ததுதான் அந்தச் சூட்கேஸைக் கீழே இறக்கியது என்று புரிந்தது.

"லீவுக்கு வரலம்மா" என்றார். "அவ புருஷன் அடிச்சான். வந்துட்டா. இனிமே இங்கதான் இருப்பா."

சொல்லிவிட்டு, அடி வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார். கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணுச்சு. அவன் கையில புழு வெக்க" என்றாள். "அப்ப நாளைக்கு அனுப்பட்டுமா?"

"அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் கஜபதி. அவருக்கே வியப்பாக இருந்தது. இதுவரை எதையும் அவளைக் கேட்டுச் செய்ததில்லை.

மாடிப்படி ஏறினார். அவர் தலையைக் கண்டதும் தாட்சாயிணி பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தாட்சு, கண்ணாடி... நான் தப்பாப் பாஸ் பண்ணிட்டேன்மா. லைட்டைப் போட்டா வெளிய எல்லாம் தெரியுது. நீ தெரியற. பதினோரு நாளா."

அவள் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே அவள் முகம்தான் இருந்தது. விறுவிறுவென்று சுவருக்குப் போய் ஸ்விட்சில் கை வைத்தாள். அழுத்தவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"பதினஞ்சு இருபது பேர் இருப்பாங்க."

"சிரிச்சாங்களா?"

"இல்லம்மா. நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாங்க."

ஸ்விட்சில் இருந்த கை அப்படியே இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கஜபதிக்குத் தெரியவில்லை. கிட்டே போகவும் பயமாக இருந்தது.

"என்னை ஒளிச்சு வைக்கத்தானே இந்தக் கண்ணாடி வாங்கினீங்க?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்" என்றார்.

அவள் கையை ஸ்விட்சிலிருந்து எடுத்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கஜபதி கீழே போய், வேலை உடுப்பைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு, ஷேவிங் பிளேடும் ஒரு குண்டான் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கீழ் மூலையில் தான் போட்ட டிக் இருந்த இடத்தில் பிளேடை வைத்துப் பிலிமைக் கிளப்பினார். அது சரக்கென்று ஒரு முழத்துக்கு உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் பார்த்தால் தெருவிளக்கு தெரிந்தது, ஜல்லிக் குவியல் தெரிந்தது, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பனியனும் வேட்டியுமாகத் தரையில் மண்டியிட்டிருந்த அவரையும் தெரு மொத்தமும் பார்த்தது. அவர் நகரவில்லை.

தாட்சாயிணி அவருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து அந்த ஒரு முழ இடைவெளி வழியாக வெளியே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு உலகநாதன்கிட்டச் சொல்லி, இடுப்பு உயரத்துக்கு வெட்டிடறேன்" என்றார் கஜபதி.

"முதல்ல அந்தப் பக்கத்தையும் உரிங்கப்பா" என்று அவள் சாக்பீஸை எடுத்தாள். "மூணாவது கணக்கு பாதியில நிக்குது."